பத்துக்கு எத்தனை மார்க்?

குடல்வால் அழற்சிக்கு மார்க் போடும் முறை ஒன்று இருக்கிறது. 1986இல் அல்ஃபிரெடோ அல்வராடோ என்ற மருத்துவர் வெளியிட்டது. மொத்தம் 10. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் 1, பசியில்லை என்றால் 1, அந்த இடத்தை அழுத்தினால் வலிப்பதற்கு 2. அழுத்திய கையைச் சட்டென்று எடுக்கும்போது வலித்தால், குமட்டினால், காய்ச்சலடித்தால் தலா 1. ரத்தத்தில் வெள்ளணுக்கள் 10,000-ஐத் தாண்டினால் 2, நியூட்ரோஃபில் விகிதம் கூடியிருந்தால் இன்னும் 1. ஆக, ரத்தப் பரிசோதனைக்கு 10-இல் 3தான். மீதி 7 நோயாளியின் வாயிலும் வயிற்றிலும் இருக்கிறது.

இதையெல்லாம் நான் படித்தது ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில், போனில், ராத்திரி 2 மணிக்கு. உள்ளே தம்பி சுருண்டு படுத்திருந்தான். வெள்ளணு 9,400. சிஆர்பி நார்மல். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஒன்றுமே இல்லை. அப்பாவுக்கு அது போதும். "கேஸ்தான்டா. வீட்டுக்குப் போயிரலாம்."

டியூட்டி டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன்னாலேயே கேட்டார்: "வலி ஆரம்பிச்சு எத்தனை மணி நேரம் ஆச்சு?"

"5 மணி நேரம் இருக்கும்."

"அப்ப இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். காலைல மறுபடி எடுப்போம். இப்ப எதுவும் சாப்பிடக் குடுக்காதீங்க."

சிஆர்பி கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். எங்கோ அழற்சி என்ற செய்தி போய்ச் சேர்ந்து, கல்லீரல் வேலையைத் தொடங்கி, அது ரத்தத்தில் தெரியவே 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். வெள்ளணு அதற்கு முன்பே ஏறும், சிலருக்கு ஏறாமலும் இருக்கும். ஏறினாலும் எங்கே என்று சொல்லாது: தொண்டைப் புண்ணுக்கும் ஏறும், சிறுநீர்த் தொற்றுக்கும் ஏறும். சர்வர் அலர்ட்டுகளோடு பத்து வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது பழகிய விஷயம். ஒரு ரீடிங்கை வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்வதில்லை, கோடு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்போம். ஆனால் தம்பி சர்வர் இல்லை. அந்த நாலு மணி நேரக் காத்திருப்பில் குடல்வால் வெடித்துவிட்டால் என்ற பயம் எந்த கிராஃபிலும் வராது. டாக்டர் ரெண்டு தடவை வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். அதுதான் எனக்குத் தெம்பு.

காலை 6 மணிக்கு வெள்ளணு 14,800. சிஆர்பி 46. வலி வலது பக்கம் இறங்கியிருந்தது. ஸ்கேனில் வீக்கம் தெரிந்தது. மத்தியானம் லேப்ராஸ்கோபியில் எடுத்துவிட்டார்கள். வெடித்திருக்கவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று பில் கவுன்ட்டரில் அப்பா விரலை வைத்துக் கேட்டார், "ஒரே டெஸ்டை ரெண்டு தடவை போட்ருக்கீங்களே?" கவுன்ட்டரில் இருந்தவர் நேரத்தைக் காட்டினார். அப்பா இரண்டு ரிப்போர்ட்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனார்.