ஸ்நான விசாரம்

இராசிபுரத்தில் எங்கள் வீட்டு ஸ்நான அறையில் இருபது வருஷ காலமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஷவர், சென்ற பங்குனியில் தன் துவாரங்களில் ஏழெட்டைத் தவிர மற்ற யாவற்றையும் அடைத்துக்கொண்டு, மிஞ்சியவற்றின் வழியே எதிர்ச்சுவரை மாத்திரம் நனைக்கத் தொடங்கிற்று. குளிக்க விரும்புகிறவன் பல்லியைப் போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. கழற்றிப் பார்த்தால், உட்புறமெங்கும் காளவாய்ச் சுண்ணாம்பு போல் வெள்ளை வெளேரென்று கல் வளர்ந்திருந்தது. வினிகரில் ஓர் இரவு ஊறப்போடும்படி அடுத்த வீட்டுக்காரர் யோசனை சொன்னார். ஊறப்போட்டோம், நுரைத்துக் கரைந்தது, பாதித் துவாரங்கள் திறந்தன, ஒரே மாதத்தில் பழையபடி மூடிக்கொண்டன.

இதில் ஷவரின் குற்றம் யாதொன்றும் இல்லை. சேலத்துக்கு அருகே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஊரின் பெயரோ தெய்வத்தின் பெயரோ இல்லாமல் ஒரு கல்லின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையம் வேறு எங்கேனும் உண்டோ என்று நான் ரயிலில் போகும்போதெல்லாம் வியப்பதுண்டு. பூமியே அப்படிப்பட்ட பூமி. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து வயிற்றில் நிரப்பிக்கொண்டிருக்கும் நீரைத்தான், இந்தியா முழுவதும் சென்று துளையிடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஒன்று எங்கள் கொல்லையிலும் துளையிட்டு வெளியே கொண்டுவந்தது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம், வேறு வழியில்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர நிர்ணயம். எங்கள் போர்த் தண்ணீர் இந்தப் பொறுமையின் எல்லையையும் கடந்துவிட்டதென்று பரிசோதித்தவர் சொன்னார். காவேரித் தண்ணீர் குழாயில் முறை வைத்து வருகிறது. அது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் சரியாகப் போய்விடும்.

இத்தகைய நீரில் சோப்பு நுரைக்காது. கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, தயிராடை போல உடம்பிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்ளும். அரப்புக்கும் சீயக்காய்க்கும் அந்தத் துன்பம் இல்லை. அவற்றில் நுரையை உண்டாக்கும் சத்து வேறு ஜாதியைச் சேர்ந்தது, உப்புத் தண்ணீரோடு அது சண்டைக்குப் போவதில்லை. ரசாயன சாஸ்திரம் படிக்காத எங்கள் பாட்டிமார் வெள்ளிக்கிழமைதோறும் அரப்புத்தூளைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் இவ்வளவு நியாயம் இருந்ததென்பதை, ஒரு ஷவர் அடைத்துக்கொண்ட பிறகுதான் நான் அறிந்துகொண்டேன்.

புதிய ஷவர் வாங்குவதென்று தீர்மானமானதும் என் மகன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள ஒரு தட்டு மேல்தளத்திலிருந்து தொங்க, அதிலிருந்து மழை பொழிய, அதன் கீழே ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பரமானந்தத்தில் நின்றுகொண்டிருந்தான். "மழை ஷவர்ப்பா" என்றான். மழைக்காக ஆடியிலும் ஆவணியிலும் வானத்தைப் பார்த்தே வயதாகிப்போன எங்கள் பக்கத்து மனிதனுக்கு, அந்தப் பெயரில் ஓர் ஆசை பிறக்காமல் இருக்குமா? இருவரும் சேலம் சென்று, ஒரு பெரிய கடையின் கண்ணாடிச் சுவரில் வரிசையாகத் தொங்கிய வட்டங்களையும் சதுரங்களையும் நிறம் மாறும் விளக்குகள் பொருத்தியவற்றையும் ஒரு மணி நேரம் தரிசித்து, படத்தில் கண்டதையே வாங்கிவந்துவிட்டோம்.

மாட்ட வந்த பிளம்பர் ஷவரைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒரு பார் பிரஷர் கேக்குதுங்கய்யா. நம்ம டேங்க் எத்தனை உசரத்துல இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மொட்டைமாடிக்கு ஏறினார்.

அவர் விளக்கிய கணக்கு மிக எளியது. பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய 33 அடி உயரத்து நீர், ஒரு பார் அழுத்தம் தரும். எங்கள் தொட்டி நிறைந்திருக்கும்போதுகூட அதன் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே ஏழடிக்கு மேல் இல்லை. ஆகவே பெட்டி கேட்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் எங்களிடம் இருந்தது. ஷவரை மேல்தளத்திலேயே தொங்கவிட்டால் அந்த ஏழிலும் இரண்டடி போய்விடும். போதாக்குறைக்கு, பன்னிரண்டு அங்குல வட்டம் நான்கு அங்குல வட்டத்தைப் போல் மும்மடங்கு அன்று, பரப்பில் ஒன்பது மடங்கு. வருகிற தண்ணீர் அதே தண்ணீர். பழைய குழாயைத் திறந்துவிட்டு 20 லிட்டர் பக்கெட்டை அடியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நிறைவதற்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. "இத்தனை தண்ணியை அத்தனை ஓட்டைக்குப் பங்கு வெச்சா சொட்டத்தானுங்க செய்யும்." சிவாலயத்தில் லிங்கத்தின் மேல் தொங்கும் தாராபாத்திரத்தை எண்ணிக்கொண்டேன். ஈசனுக்கு அது உகந்தது. எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் என் மகனுக்கு ஆகாது.

அமெரிக்காவில் 1992-ஆம் வருஷம் ஒரு சட்டம் செய்து, ஷவரிலிருந்து நிமிஷத்துக்கு இரண்டரை காலன், சுமார் ஒன்பதரை லிட்டருக்கு மேல் நீர் விழலாகாதென்று விதித்தார்கள். அவர்கள் அளவுகோலாக வைத்த அழுத்தத்தை நாம் தொட்டியைக்கொண்டு பெறவேண்டுமானால் அதை 180 அடிக்கு மேலே ஏற்றவேண்டும். நமக்கு அந்தச் சட்டத்தைப் பூமியின் ஆகர்ஷண சக்தியே முன்கூட்டி இயற்றி வைத்திருக்கிறது.

உயரத்தின் மகிமையை நான் அறியாதவனும் அல்லேன். வாலிபத்தில் கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்று, சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அந்த நீரின் ஓரத்தில் நின்றபோது, தோளில் யாரோ கூழாங்கற்களைக் கொட்டியது போலிருந்தது. நாமக்கல் ஆஞ்சநேயரோ பதினெட்டடி உயரத்தில் தலைக்கு மேல் கூரையின்றி நிற்கிறார். குடம் குடமாகப் பாலும் தண்ணீரும் உச்சியில் விழுவது போதாதென்று, அசல் மழையும் அவருக்கு உண்டு. எங்கள் சீமையில் மழை ஷவருக்குரிய யோக்கியதை அவர் ஒருவருக்கே உள்ளதென்பது என் அபிப்பிராயம்.

மோட்டார் வைத்து அழுத்தத்தைக் கூட்டலாமென்று மகன் வாதித்தான். மின்சாரம் போய்விட்டால் அரப்புத் தலையோடு நிற்க என்னால் முடியாது என்றாள் அவன் தாய். அத்துடன் விவாதம் முடிந்தது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, நான்கு அங்குல ஷவர் ஒன்றை வாங்கினோம். அதன் துவாரங்கள் ரப்பரால் ஆனவை. உப்புப் படிந்தால் விரலால் தேய்த்து உதிர்த்துவிடலாம். உண்மையில் நாங்கள் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு குணத்தைத்தான். அதற்குக் கீழே பக்கெட்டுக்கு ஒரு குழாயை விட்டுவைத்தோம். எண்ணெய் வைத்த தலையில் சொம்பால் ஓங்கி ஊற்றினாலன்றி அரப்பு போகாதென்ற விஷயத்தில் என் மனைவியோடு தர்க்கம் செய்ய எங்களில் யாரும் துணியவில்லை. பிறகு கொத்தனாரை வரவழைத்து, தொட்டியின் பீடத்தை இன்னும் நான்கடி உயர்த்தினோம்; அந்தச் செலவு ஷவரின் விலையைப்போல் இரு மடங்காயிற்று.

இப்போது ஷவர் வழியாகவே அந்தப் பக்கெட் இரண்டரை நிமிஷத்தில் நிறைகிறது. எதிர்ச்சுவர் நனைவதில்லை.