சோறு போட்டவர்களின் சரித்திரம்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு மிஷனரி என்றால் பள்ளிக்கூடம். 1816இல் அமெரிக்க மிஷன் வந்ததும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியதும், மானிப்பாயில் டொக்டர் கிறீன் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் படிப்பித்ததும் எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதைகள். "அவையள் வராட்டி நாங்களும் வன்னியில மாடு சாய்ச்சுக்கொண்டு திரிஞ்சிருப்பம்" என்பார் அப்பப்பா. அந்த ஒரு வசனத்தில் நன்றியும் இருந்தது, இளக்காரமும் இருந்தது. வன்னி என்றால் காடு, காய்ச்சல், யானை என்று அதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

வன்னியின் கனகராயன்குளத்தில் ஒரு மத்தியானச் சாப்பாடு அந்த எண்ணத்தைப் பிடித்து உலுக்கிவிட்டது.

ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இருக்கிறது ஊர். யாழ்ப்பாண பஸ்ஸில் போகிறவர்கள் அரைத்தூக்கத்தில் கடந்துவிடுவார்கள். இந்தப் பக்கத்து மழைத் தண்ணீரை வாரிக்கொண்டு வடக்கே ஓடும் கனகராயன் ஆறுதான் இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது; கிளிநொச்சி வயல்கள் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. மடு மாதா கோயிலில் ஆடித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பாலைப்பழக் காலம். வீதியோரம் மஞ்சள் பழங்களைக் குவித்து வைத்துச் சிறுவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். என்னோடு படிப்பிக்கும் நண்பன், மடுவுக்குப் போகும் வழியில் தன் அம்மம்மா வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனான்.

மொட்டைக்கறுப்பன் சோறு, பொன்னாங்காணி வறை, சட்டியோடு எருமைத் தயிர், விரால் மீன் குழம்பு. நான் கடல் மீன் தின்று வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் குளத்து மீன் என்றால் சேற்று மணம் என்று சந்தையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். என் கையும் பழக்கத்தில் மீன் துண்டைக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளியது. ஆச்சி அதைப் பார்த்துவிட்டார்.

"சேத்து மணமோ மோனை? தொண்ணூற்றாறில உங்கட சனம் இந்தக் குளத்து மீனைத்தான் திண்டது. அப்ப ஒருத்தரும் மணந்து பாக்கேல்லை."

நண்பன் "அம்மம்மா!" என்று தடுத்தான். அவர் விடவில்லை. "வரேக்க அழுதுகொண்டு வந்தினம். வளவு முழுக்கக் கொட்டில் போட்டுக் குடுத்தம். போகேக்க ஒரு கடுதாசியும் இல்லை. இப்ப இரணைமடுத் தண்ணியும் வேணுமாம்."

எனக்குக் கோபம் வந்தது. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கேட்டதும், கிளிநொச்சி விவசாயிகள் மறுத்ததும் இரண்டு பக்கத்தாரும் ஆறாமல் வைத்திருக்கும் புண். "நாங்களும் விரும்பி வரேல்லை ஆச்சி. எங்கட வீடும் உடைஞ்சுதான் வந்தது" என்றேன்.

"விரும்பி வந்ததெண்டு நான் சொன்னனானே? வந்ததை மறந்தது ஏனெண்டுதான் கேக்கிறன்."

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு வந்தது. சனம் தென்மராட்சிக்குப் போய், பிறகு கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து ஆயிரம் ஆயிரமாக வன்னிக்குள் இறங்கியது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். எனக்கு நினைவிருப்பது ஒரு பெரிய மரமும், அதன் கீழ் விரித்த தறப்பாளும், யாரோ கொண்டுவந்து தந்த சுடுசோறும்தான். 1997 மே 13ஆம் திகதி ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கி இராணுவம் இந்த வீதியால் வடக்கே நகர்ந்தபோது, தஞ்சம் கொடுத்தவர்களே தஞ்சம் தேடிக் கிளம்பினார்கள். ஆச்சியின் வீடு தரைமட்டமானது. 2009இல் அவரும் மனிக்பாம் முகாமின் கம்பிவேலிக்குள் இருந்தார். எங்கள் வளவில் கொட்டில் போடுங்கள் என்று அவரை யாழ்ப்பாணத்தார் ஒருவரும் அழைக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. என் கோப்பையில் இன்னொரு விரால் துண்டை வைத்தார்.

தின்றேன். வெண்மையான, உறுதியான சதை. மிளகும் உள்ளியும் பழப்புளியும் முள்ளுவரை ஊறியிருந்தன. சேற்று மணம் இல்லவே இல்லை.

கை கழுவ எழுந்தபோது சாமித்தட்டைக் கவனித்தேன். பிள்ளையார், முருகன், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன், அவர்களுக்குப் பக்கத்தில் மடு மாதா. மாதா படத்தின் கீழ் ஒரு சின்னத் தகர டப்பா. திறந்து காட்டினார்: மா மாதிரி அரித்த சாம்பல் நிற மண். மடுக் கோயிலில் அள்ளிய மண். பாம்பு கடித்தால் அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்களாம். மாரி காலத்தில் வீட்டைச் சுற்றித் தூவுவார்களாம். "நாங்கள் சைவக்காரர்தான். ஆனா மாதாவும் எங்களைப்போல ஓடிவந்தவ. ஓடிவந்தவவுக்கு வன்னியார்தானே இடம் குடுத்தது" என்றார்.

அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. கட்டடமும் அச்சகமும் வைத்து நான் படித்திருந்த மிஷன் வரலாற்றை அங்கே திண்ணையில் இருந்தபடி வேறொரு பக்கத்தால் பார்க்க வேண்டியிருந்தது.

வடக்குக் கரையில் ஞானஸ்நானம் பெறுவதே முதலில் உயிரோடு விளையாடும் காரியம். 1544இல் மன்னாரில் கத்தோலிக்கரான அறுநூறு பேர் வரையில் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். தன் குடிகள் மதம் மாறுவதை, அவர்கள் போர்த்துக்கேய அரசனுக்குக் குடிகளாவதாக அவன் கண்டான். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடமே விழுந்தது. இந்த மண்ணின் அரசர்களுக்கும் கப்பலில் வந்த அரசர்களுக்கும் நடந்த வழக்கில் கழுத்தைக் கொடுத்தது மீன்பிடித்துப் பிழைத்த சனம்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் காற்று மாறியது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குருவை ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. பழைய கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் பள்ளிக்கூடங்களாயின; பிலிப்பஸ் பல்தேயஸ் பாதிரியார் ஊர் ஊராகப் போய் அவற்றை மேற்பார்த்தார், பின்னர் 1672இல் அச்சான பெரிய நூலில் அதையெல்லாம் எழுதினார். நேற்றுவரை ஒரு கிறிஸ்தவத்துக்காக அடிபட்டவர்கள் இன்று இன்னொரு கிறிஸ்தவத்திடம் அடிபட்டார்கள். அப்போது மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த கத்தோலிக்கரும் அங்கே சேர்ந்தனர் என்பது மடுக் கோயிலின் பாரம்பரியம். ஆண்டு 1670 என்கிறார்கள். கோயில் கட்ட எந்த மிஷனும் பணம் அனுப்பவில்லை, எந்தக் குருவும் முன்னால் போகவில்லை. கடல்வழியாக வந்த சமயத்தை அதன் ஏழைக் குடிகளே சுமந்துபோய்க் காட்டில் காப்பாற்றினார்கள்.

குரு பிறகுதான் வந்தார். கோவாவின் பெனாலிமில் 1651இல் பிறந்த கொங்கணிப் பிராமணர் யோசவ் வாஸ், 1687இல் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். இறங்கியதும் கடும் வயிற்றோட்டம். ஊருக்கு வெளியே கிடந்தவருக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவர் கதையில் வருகிறது. எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டதும் முகம் மாறுகிறவர் தன்னவர் என்று அறிந்துகொண்டார். சில்லாலை ஊரார் அவரை ஒளித்து வைத்தார்கள். 1689 நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தார்கள். குரு தப்பினார், சனம் சிறைக்குப் போனது. அவர் கண்டியரசனின் ஆட்சியில் இருந்த புத்தளத்துக்கு மாறி, 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சிறைப்பட்டு, பின்னர் அங்கேயே அம்மை நோயாளிகளுக்குப் பணி செய்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி இறந்தார்.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலை கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றைக்கே மடுவுக்கு வந்தார். யோசவ் வாஸ் அடிகளாரை நான் மனதார வணங்குகிறேன். பீரங்கியோ, கம்பனியோ, அரசனோ பின்னால் நிற்காமல் இந்தத் தீவுக்கு வந்த மிஷனரி அவர். ஆனால் அந்தக் கஞ்சிக்காரிக்குப் பெயர் இல்லை. சில்லாலையில் கதவு திறந்தவளுக்கும் இல்லை. அகப்பட்டால் கழுத்துப் போகும் என்று தெரிந்தும் உலை வைத்தவர்கள் அவர்கள். குருவின் வீரத்தில் பாதி அந்த அடுப்புகளில் எரிந்தது என்றே நான் நினைக்கிறேன்.

தஞ்சம் கொடுத்த வன்னி ஒல்லாந்தருக்கும் எளிதில் அடங்கவில்லை. ஒல்லாந்தர் வன்னித் தலைவர்களிடம் கேட்ட திறை யானை. பிடித்துக் கொடுத்தால் கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்பார்கள். பாக்கி வைத்தால் சண்டை. யாழ்ப்பாணக் கொமாந்தோர் சுவார்டகிறோன் 1697இல் எழுதிய நிருவாகக் குறிப்பில் இந்த யானைப் பாக்கிக் கணக்கு நீண்டு போகிறது. அதில் வரும் வன்னித் தலைவர்களுள் ஒருவர் டொன் பிலிப் நல்லமாப்பாணன். ஞானஸ்நானப் பெயரும் குலப்பெயரும் சேர்ந்தே நிற்கின்றன, ஆனாலும் யானை கொடுக்க மனமில்லை. 1782இல் ஒல்லாந்தர் வன்னியை நேராகப் பிடிக்க முனைந்தபோது கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருத்தி வன்னிச்சி மரியா செம்பாத்தை. அவளைப் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்தார்கள். அவள் பெயரிலும் மரியா இருக்கிறது. வெள்ளைக்காரனின் சமயத்தை எடுத்தவர் வெள்ளைக்காரனுக்கு அடங்குவார் என்ற கணக்கு வன்னியில் பொய்த்தது. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும், அவ்வாண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்ற ஆங்கிலேயரின் படைத்தலைவன் அவனைத் தோற்கடித்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த வெற்றிக்கு அங்கே ஒரு கல் நடப்பட்டது. நட்ட கல்லில் வென்றவன் பெயரும் தோற்றவன் பெயரும் இருந்தன.

வெளியே பாலைமர நிழலில் ஆச்சி ஒரு சுளகு நிறையப் பழம் கொண்டுவந்து வைத்தார். பாலைப்பழம் தேன் இனிப்பு. ஆனால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு உதடும் பசை தடவியதுபோல இழுக்கும். நான் திணறுவதைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். "தேங்காயெண்ணெய் பூசு மோனை, போகும்." தானே உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தந்தார். சண்டை முடிந்துவிட்டதா என்று கேட்கத் தோன்றியது. முடியவில்லை, முடியவும் கூடாது என்றும் பட்டது. எனக்குச் சாப்பாடு போட்டதில் அவருடைய குற்றச்சாட்டு ஒரு துளியும் குறையவில்லை. குற்றம் சாட்டியதால் சாப்பாட்டிலும் குறை வைக்கவில்லை.

மடுவுக்குப் போன பாதை நெடுகிலும் அவர் சொன்னதுதான் மனதில் ஓடியது. 1990களில் அந்தக் கோயில் வளவே பல்லாயிரம் பேருக்கு அகதி முகாம். 1999 நவம்பரில் அங்கே எறிகணை விழுந்து தஞ்சம் புகுந்திருந்த பலர் இறந்தார்கள். 2008 ஏப்பிரலில் சண்டை நெருங்கியதும் குருமார் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள்; ஓகஸ்ட் மாதம் திரும்பக் கொண்டுவந்தார்கள். மாதாவும் ஓடிவந்தவ என்று ஆச்சி சொன்னது மூன்று நூற்றாண்டுக்கு முந்திய பழங்கதை மட்டும் இல்லை.

அன்றிரவு மடுவிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வன்னியில் எங்களுக்கு இடம் தந்தது ஆர் என்று கேட்டேன். "நல்ல மனுசி ஒராள். தன்ர பிள்ளையளுக்கு வைச்ச சோத்தைத்தான் உங்களுக்குப் போட்டவ" என்றார். பெயர் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "வாய்க்கு வருகுதில்லையடா" என்றார்.

பள்ளிக்கூடங்களின் நூற்றாண்டு மலர்களில் பாதிரிமாரின் படங்கள் வரிசையாக இருக்கின்றன; இருக்கட்டும், அவர்கள் செய்த நன்மை பெரியது. ஆனால் 1996இல் வன்னியில் யாருடைய வளவில் இருந்தோம், யார் அரிசி தந்தார்கள், யார் கிணறு திறந்துவிட்டார்கள் என்று சொல்லக்கூடிய தாய்மார் யாழ்ப்பாணத்தில் இன்னும் வீட்டுக்கு வீடு உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வருடமே கேட்டு எழுதிவைக்க வேண்டும்: ஊர், வளவு, பெயர். பெயர் கிடைத்தவர்கள் ஏ9 வீதியில் இறங்கி, அந்த வீட்டுப் படலையைத் தட்டி, முகத்துக்கு நேரே நன்றி சொல்ல வேண்டும். ஏச்சு விழும். விழட்டும், கேட்டுக்கொண்டு இருந்து சாப்பிட்டுவிட்டு வரவேண்டும்.