பச்சை மையும் பூட்டுச் சின்னமும்

அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, மார்க் ஷீட் நகலோடு தினம் நாலு பேராவது வாசலில் நிற்பார்கள். அசலை வாங்கி ஒத்துப் பார்த்து, பச்சை மையில் கையெழுத்திட்டு முத்திரை வைப்பேன். பிறகு 2014 வாக்கில், அவரவரே கையெழுத்துப் போட்டால் போதும் என்று பல இடங்களில் வந்துவிட்டது.

ஓய்வு பெற்றபின் குடும்பப் போட்டோக்களை ஸ்கேன் செய்து, வீட்டு ரவுட்டரோடு இணைந்த சேமிப்புப் பெட்டி ஒன்றில் ஏற்றினேன். நாஸ் என்பார்கள். கும்பகோணத்தில் இருக்கும் அக்கா அதை டேப்லெட்டில் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாக எச்சரிக்கை வரும்.

"பயப்படாதேக்கா, நம்ம பெட்டிதான். கீழே அமுக்கி உள்ளே போயிடு" என்று போனில் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டாள். "அன்னதானத்துக்குப் பணம் கட்டலாம்னு ஒரு பக்கம் திறந்தேன்டா. அதே சிவப்பு வந்தது. நீ சொன்ன மாதிரி அமுக்கிட்டேன். இப்போ கார்டு நம்பர் கேக்குது, போடட்டுமா?"

"போடாதே, மூடு!" என்று கத்திவிட்டேன். நல்லவேளை, பணம் போகவில்லை. ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவன் நான்தானே?

உட்கார்ந்து படித்தேன். பெட்டியோடு வந்த சான்றிதழ் அதுவே தனக்குப் போட்டுக்கொண்ட கையெழுத்து. செய்தி மறைகுறியாகத்தான் போகும். ஆனால் எதிர்முனையில் இருப்பது நம் பெட்டிதான் என்று சொல்ல மூன்றாம் ஆள் கிடையாது. பிரவுசர் அதைத்தான் கேட்கிறது.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. பெட்டிக்கு முதலில் ஒரு இணையப் பெயர் வேண்டும். அந்தப் பெயர் நம் கையில் இருக்கிறதா என்று அவர்கள் 80-ஆம் போர்ட் வழியாக வந்து பார்ப்பார்கள். ரவுட்டரில் அதைத் திறந்துவிடாமல் முதல் நாள் முழுக்கத் தோற்றேன். மறுநாள் மாலை கிடைத்தது. 90 நாள்தான் செல்லும். முடிவதற்குள் பெட்டியே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்தாயிற்று.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று. பூட்டுச் சின்னம் இருப்பதாலேயே ஆள் யோக்கியன் என்று ஆகாது. பெயர் அவர்களுடையதுதான் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. நான் பச்சை மையில் போட்டதும் அவ்வளவுதான். நகல் அசலோடு ஒத்திருக்கிறது என்றேனே தவிர, பையன் நல்லவன் என்று எழுதித் தரவில்லை.

அன்றே அக்காவுக்குப் போன் செய்தேன். "இனிமே சிவப்பு வந்தா உள்ளே போகாதே. திரும்பிடு."

"உன் பெட்டியா இருந்தாலுமா?"

"என் பெட்டியா இருந்தாலும்தான். எனக்குப் போன் பண்ணு."