பட்டி பார்த்து மறைத்த இணைப்பு

நான் ஒட்டிய சைக்கிள் ஃபிரேம் விட்டுப்போய் என் நண்பனின் கை ஒடிந்தது. பழியை அவன் தலையில் கட்டினேன். அந்த இணைப்பு சரியில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனியும் இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. எண்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் நான் ஜெனரல் மெஷினிஸ்ட் குரூப் படித்தேன். டவுன், மேலப்பாளையம் பையன்களோடு சேரன்மகாதேவி, கோபாலசமுத்திரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களும் இருந்தார்கள். அரம் பிடிப்பதில் நான்தான் வகுப்பில் முதல் ஆள் என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நடந்த அத்தனைக்கும் வேர் அதுதான்.

கடைசி வருஷம் பள்ளிக் கண்காட்சிக்காக எங்கள் குழு சைக்கிள் ஃபிரேம் செய்வதென்று முடிவெடுத்தது. கண்காட்சி முடிந்ததும் அதற்குச் சக்கரம், செயின் எல்லாம் பூட்டி, குழுவில் இருந்த பத்தமடைப் பக்கத்துப் பையனுக்கே கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். அவன் வீட்டில் சைக்கிள் கிடையாது. பஸ் ஏற வயக்காட்டு வழியாக நடந்து வர வேண்டும். அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியதே 2001-இல்தான். அதற்கு முன் ஏழை வீட்டில் சைக்கிள் என்பது பெரிய சொத்து. எங்கள் வாத்தியார், சார்வாள், முதலில் தயங்கினார். பையன் ஓட்டப்போகிற வண்டி என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “ஷோவுக்கு வைக்கிற சாமான் இல்லடே. ஒரு உசுரு ஏறி உக்காரப் போகுது.”

அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் பழைய ஹெர்குலிஸ் ஒன்றைத் தரையில் படுக்கவைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்தோம். அதுதான் எங்கள் டிராயிங். ஹேண்டில்பார் நிற்கிற முன்குழாய், மேலே பார், கீழே சாய்வாக இறங்கும் கீழ்க்குழாய், சீட்டுக்குழாய், பெடல் அச்சு ஓடுகிற குடம். 1880-களில் இங்கிலாந்தில் உருவான இந்த அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. காரணம், இதில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வேலை உண்டு. ஆள் ஏறி உட்கார்ந்ததும் பார் அமுங்கும், கீழ்க்குழாய் இழுபடும். குழாய்கள் அநேகமாகத் தாங்கிவிடும். தாங்குமா தாங்காதா என்ற கேள்வியெல்லாம் அவை சேருகிற மூலைகளில்தான்.

அந்த மூலைகளுக்கான லக்குகளைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கினோம். லக்கு என்பது குழாயின் முனையைச் செருகும் கனமான இரும்பு உறை. செருகிய பிறகு இரண்டுக்கும் இடையில் காகிதம் நுழையும் அளவுக்குத்தான் சந்து இருக்க வேண்டும். வெண்காரம் தூவி, கேஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பித்தளைக் கம்பியை வைத்தால் அது உருகி அந்தச் சந்துக்குள் தானாக ஊர்ந்து போகும். இரும்பு உருகச் சுமார் 1500 டிகிரி வேண்டும். பித்தளைக்குச் சுமார் 900 போதும். அதனால் குழாய் கெடாமல் இணைப்பு இறுகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. லக்கு கனம், குழாய் மெல்லிசு. லக்கை நிதானமாகச் சூடாக்க வேண்டும். உள்ளே இருக்கிற குழாயும் அதே நிறத்துக்கு வர வேண்டும். அவசரப்பட்டால் வெளி விளிம்பு மட்டும் காயும். பித்தளை விளிம்பிலேயே உருகிப் படிந்து நின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். உள்ளே பிடிப்பே இருக்காது.

பள்ளியில் கேஸ் வசதி கிடையாது. பேட்டை ரோட்டில் ஒரு வெல்டிங் கடை அண்ணாச்சி, சாயங்காலம் தன் வேலை முடிந்த பிறகு எங்களை விட்டார். மற்ற இணைப்புகளை அவர் பக்கத்தில் நின்று ஒட்ட வைத்தார். கீழ்க்குழாய் முன்குழாயோடு சேரும் லக்கை மட்டும் நான் தனியாகச் செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். கேஸ் தருகிற கார்பைடு தீர்ந்துகொண்டிருந்தது, நெருப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. நான் அவசரப்பட்டேன்.

மறுநாள் அரம் போட்டு வழித்தபோது லக்கின் அடிப்பக்கம் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. சட்டைப்பையில் இருந்த குண்டூசியை எடுத்து அதில் வைத்தேன். எதுவும் தடுக்கவில்லை, ஊசி பாதிக்கு மேல் உள்ளே போனது. பித்தளை நிரம்பியிருந்தால் ஊசிக்கு அங்கே இடமே இருந்திருக்காது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு நான் விவரமில்லாதவன் இல்லை.

சரிசெய்ய வழி இருந்தது. சுத்தம் செய்து, மறுபடி வெண்காரம் போட்டு, ஒழுங்காகக் காய்ச்சி ஒட்டியிருக்கலாம். சார்வாளிடம் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு அவரே கூட வந்திருப்பார். ஆனால் தனியாகச் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிய இணைப்பு அது. கெட்டுப்போச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. கோட்டின்மேல் பட்டி பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பச்சை பெயின்ட் அடித்தேன். கண்காட்சியில் வந்தவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்துப் பாராட்டியது அந்த லக்கைத்தான். மற்றவற்றைவிட அது வழவழப்பாக இருந்தது.

சைக்கிள் அவன் வீட்டுக்குப் போனது. பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு மூட்டை நெல்லைக் கேரியரில் வைத்துக்கொண்டு கன்னடியன் கால்வாய்க் கரையில் ரைஸ் மில்லுக்குப் போயிருக்கிறான். ஒரு குழியில் இறங்கி ஏறியபோது கீழ்க்குழாய் லக்கை விட்டுக் கழன்றது. தலைகுப்புற விழுந்தான். வலது மணிக்கட்டு ஒடிந்தது. அந்த மார்ச்சில் அவனால் பரீட்சை எழுத முடியவில்லை.

உடைந்த ஃபிரேமைப் பார்க்க முதலில் போனவன் நான். கழன்ற குழாயின் முனையில் வெளி ஓரம் மட்டும் மெல்லிசாக ஒரு பித்தளை வளையம். மற்ற இடமெல்லாம் வெறும் கறுப்பு. யாருக்கும் காட்டாமல் ஃபிரேமை வாங்கிக்கொண்டு வந்து இரும்புக் கடையில் போட்டேன். வகுப்பில் கேட்டபோது, “ரெண்டு மூட்டை ஏத்திருப்பான் சார்வாள்” என்றேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு மூட்டை ஏற்றாத சைக்கிளே கிடையாது. ஒரு மூட்டைக்கு உடைந்தது என்றால் கேள்வி வரும். அதனால்தான் இரண்டு என்றேன். அந்தப் பேச்சு அவன் ஊர்வரை போனது.

பித்தளை ஓடாமல் போனதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். பழகுகிற வயதில் எவன் கைக்கும் அது நேரும். ஊசி உள்ளே போன பிறகு நான் பட்டியை எடுத்தேனே, அதுதான் குற்றம். அவன் கட்டுப்போட்ட கையோடு இருந்தபோது அவன்மேலேயே பொய் சொன்னது அதைவிடப் பெரிய குற்றம்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கடைசியில் இவ்வளவுதான் சொன்னான்: “அன்னைக்கே சொல்லிருந்தா எங்கய்யா என்னை அடிச்சிருக்க மாட்டாருல்லா.” ரெண்டு மூட்டை ஏற்றவில்லை என்று அவன் சொன்னதை அவன் அய்யா நம்பவே இல்லையாம். மகன் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதைத் திருத்த என்னால் ஆகாது. மன்னிப்புக் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடனும் அவனுக்கு இல்லை.

என்னால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. அன்று அந்த வகுப்பில் இருந்தவர்களும், கால்வாய்க்கரை ஊர்களில் அந்தப் பேச்சைக் கேட்டவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: அவன் ஏற்றியது ஒரு மூட்டைதான். ஃபிரேம் விட்டது நான் ஒட்டிய இடத்தில். விடக்கூடும் என்று அறிந்தே நான் பெயின்ட் அடித்தேன்.