நாடி 48, மாத்திரை எது?

எங்க பக்கம் இதுக்குப் பேரு ஒத்தைத் தலைவலி. டவுன்ல மைக்ரேன்னு சொல்றாங்க. தலையில ஒரு பக்கம் மட்டும் சம்மட்டி அடிக்கிற மாதிரி இருக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குமட்டிக்கிட்டு வரும். எனக்கு முப்பது வயசுல இருந்தே உண்டு. அப்பெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை வரும், ஒரு மாத்திரையைப் போட்டு இருட்டுல படுத்து எந்திரிச்சா போயிரும். இந்த ரெண்டு வருஷமா மாசத்துல எட்டு நாள், ஒம்பது நாள்னு ஆயிருச்சு. குச்சிக்கிழங்கு புடுங்க ஆள் வந்து காட்டுல நிக்கும், நான் திண்ணையில துண்டைக் கட்டிட்டுக் கிடப்பேன்.

நாமக்கல்ல ஒரு நரம்பு டாக்டரம்மாகிட்டப் போனோம். ஐம்பதுக்கு மேல தலைவலியோட போக்கு மாறினா வேற காரணம் இருக்கான்னு பார்த்துடணும்னு முதல்ல ஸ்கேன் எடுத்தாங்க. அதுல ஒண்ணுமில்லை. அப்புறம் சொன்னாங்க: வலி வந்த பின்னாடி போடற மாத்திரை வேற, வராம இருக்கத் தினமும் போடற மாத்திரை வேற. வலி மாத்திரையை மாசத்துல பத்து, பதினஞ்சு நாள்னு முழுங்கினா அதுவே தலைவலியைக் கொண்டுவரும். அதனால உங்களுக்குத் தினசரி மாத்திரைதான் சரின்னாங்க.

பரமத்தி வேலூர்ல கட்டிக்கொடுத்த என் தங்கச்சிக்கும் இதே வலி. "எனக்கு ப்ராப்ரனலால்லதான் நின்னுச்சு, அதையே எழுதிக் குடுக்கச் சொல்லுங்கண்ணா"ன்னு சொல்லி அனுப்பிச்சிருந்தா. நல்ல மாத்திரைதான். ஜேம்ஸ் பிளாக்ங்கிற விஞ்ஞானி 1960கள்ல நெஞ்சுவலிக்காகக் கண்டுபிடிச்சது. அதைச் சாப்பிட்டவங்களுக்குத் தலைவலியும் குறையுதுன்னு தற்செயலாத்தான் தெரிஞ்சுது. அவருக்கு 1988ல நோபல் பரிசு கிடைச்சுது. விலையும் கம்மி.

ஆனா டாக்டரம்மா சீட்டு எழுதறதுக்கு முன்னாடி என் கையைப் புடிச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணினாங்க. 48. அறுபதுக்குக் கீழ இருந்தாலே மெதுவான துடிப்புன்னு கணக்காம். ப்ராப்ரனலால் செய்யற வேலையே இதயத்தோட ஓட்டத்தைக் குறைக்கிறதுதான். வோல்டேஜ் ஏற்கனவே கம்மியா இருக்கிற மோட்டாருக்கு இன்னும் கொஞ்சம் குறைச்சா என்ன ஆகும்? தலைசுத்தும், மயக்கம் வரும். கெணத்து மேட்டுல நிக்கிறவனுக்கு மயக்கம்னா அது சின்ன விஷயமில்லைங்க.

நாடி ஏன் குறைவா இருக்குன்னு பார்க்க ஈசிஜி, தைராய்டு ரெண்டும் எடுத்தாங்க. தைராய்டு குறைஞ்சாலும் நாடி குறையுமாம். ரெண்டும் சரியா இருந்துச்சு. இத்தனை வருஷம் மம்முட்டி புடிச்ச ஒடம்பு, ஓட்டக்காரங்களுக்கு இருக்கிற மாதிரி மெதுவாத் துடிக்குது, அதுபாட்டுக்கு இருக்கட்டும், ஆனா அதை இன்னும் குறைக்கிற மருந்து வேண்டாம்னு முடிவு பண்ணினாங்க.

மிச்சமிருக்கிற மருந்துகளை ஒவ்வொண்ணா என் பொழப்போட வச்சுப் பார்த்தோம்.

அமிட்ரிப்டிலின்: நாடியைக் குறைக்காது. ஆனா இதயத்துக்குள்ள கரண்ட் போற பாதையில தடை இருக்கிறவங்களுக்கு ஆகாது, அதுக்கும் ஈசிஜி பார்க்கணும். எனக்குத் தடை இல்லை, ஆனா தூக்கம் அசத்தும். ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தா டார்ச் லைட்டோட மடை மாத்தப் போறவனுக்கு இது ஒத்து வராது.

ஃப்ளூனரிசின்: இதுவும் தூக்கம், எடையும் கூடும். வயசானவங்களுக்கு கை நடுக்கம், மனச்சோர்வு வரலாம்.

டோபிரமேட்: நாடியைத் தொடாது. கை விரல் மதமதன்னு இருக்கும், பேசறப்ப வார்த்தை சிக்காது, சிறுநீரகக் கல் வரலாம். இன்னொண்ணு, சிலருக்கு வேர்வையே குறைஞ்சிருமாம். ஏசி ரூம்ல இருக்கிறவருக்கு அது பெருசாத் தெரியாது. சித்திரை வெயில்ல கடலைக்காய் புடுங்கறவனுக்கு வேர்வைதான் உசுரு.

கேண்டசார்ட்டன்: இது ரத்தக் கொதிப்பு மாத்திரை. எனக்கும் பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. இது இதயத்தோட வேகத்தைக் குறைக்காது. நார்வே நாட்டுல 72 பேர்கிட்ட இதையும் ப்ராப்ரனலாலையும் மாத்தி மாத்திக் குடுத்துப் பார்த்து, ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு கேக்குதுன்னு 2014ல எழுதியிருக்காங்கன்னு எம் பொண்ணு படிச்சுச் சொன்னா. இதையே எடுத்தோம். 8 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 16க்குப் போனோம்.

இதுக்கும் கட்டுப்பாடு உண்டு. ரத்தத்துல பொட்டாசியம் கூடிடலாம், அதனால மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ரத்தம் எடுத்து உப்பும் கிரியாட்டினினும் பார்த்தாங்க. எங்க தோட்டத்துல தென்னை இருக்கு, எனக்கு இளநி தினமும் ரெண்டு. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, குறைச்சுக்குங்கன்னுட்டாங்க. மேல்வலிக்குன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டா கிட்னிக்கு ஆகாது. வெயில்ல தண்ணி குடிக்காம நின்னா பிரஷர் எறங்கித் தலைசுத்தும். இப்ப காட்டுக்குப் போறப்ப எங்க ஊட்டுக்காரம்மா, "ஏனுங்க, தண்ணி எடுத்தாச்சுங்களா?"ன்னு கேக்காம விடறதில்லை.

பலன் ஒரே வாரத்துல தெரியாது, ரெண்டு மூணு மாசம் ஆகும். தினசரிக் காலண்டர் தாள்ல வலி வந்த நாளைச் சுழிச்சு வச்சேன். எட்டு, ஏழு, அப்புறம் நாலு. போன மாசம் மூணு. முழுசா நிக்கலை. ஆனா மூணுங்கிறது தாங்கற கணக்கு. நாடி இன்னும் 48, 50தான்.

தங்கச்சி இன்னும் அவ மாத்திரையிலதான் இருக்கா, அவ நாடி 78. அவளுக்கு அது சரி, எனக்கு இது சரி. உங்க கையில வாட்ச்சே நாடியை எண்ணிக் காட்டுது. தலைவலிக்குத் தினசரி மாத்திரை எழுதறப்ப அந்த எண்ணை டாக்டர்கிட்டச் சொல்லுங்க, நீங்க என்ன வேலை பார்க்கறீங்கன்னும் சொல்லுங்க. ஏற்கனவே ப்ராப்ரனலால் சாப்பிடறவங்க இதைப் படிச்சுட்டு நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, அது இதயத்துக்கு ஆபத்து. டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.