கோசைகுண்டத்துக்கு இரண்டு நாள் தாமதம்

காத்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் கைக்கடிகாரத்தைத் திருத்தினேன். நேப்பாளம் நம் மலேசிய நேரத்துக்கு 2 மணி 15 நிமிடம் பின்னால் இருக்கிறது. இரண்டு மணி நேரம் சரி, அதென்ன கூடவே ஒரு கால் மணி? வானொலியில் விநாடிக் கணக்கில் பேசிப் பிழைப்பவனுக்கு அந்தக் கால் மணி நேரம் ஊர் திரும்பும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது. செய்திக்கு முன் 7 விநாடி மிச்சமிருந்தால் அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருக்கும் ஆள் நான். பயணத் திட்டத்தையும் அப்படித்தான் மூச்சுவிட இடமில்லாமல் போட்டிருந்தேன். மலையில் அது செல்லுபடியாகவில்லை.

போனது நானும் அக்காவும். அக்கா தாதி. இத்தனை ஆண்டு மருத்துவமனை வேலையில் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் அவர் விடுப்பு எடுத்தது அதுவே முதல் முறை. நானோ ஒரு மாதமாகக் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தேன். "கோசைகுண்டம் போகிறேன், 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரி, நம் கினபாலு மலையின் உச்சியைவிட உயரம்!" கினபாலு 4,095 மீட்டர். இருபத்தைந்து வயதில் அதில் ஏறியிருக்கிறேன் என்ற திமிர் வேறு. அங்கே விடியற்காலையில் உச்சியைத் தொட்டு, படம் பிடித்துவிட்டு அன்றே இறங்கிவிடுகிறோம். இங்கே அந்த உயரத்தில் படுத்துத் தூங்கவும் வேண்டும். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை.

கோசைகுண்டம் இருப்பது ரசுவா மாவட்டத்தில், லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள். சுற்றிலும் சிறிதும் பெரிதுமாகப் பல ஏரிகள். மொத்தம் 108 என்பது ஊர்க்கணக்கு. சரஸ்வதிகுண்டம், பைரவகுண்டம், சூரியகுண்டம், நாககுண்டம் என்று பெயர்களைக் கேட்டாலே சொந்தக்காரர்களைக் கேட்பதுபோல் இருக்கும். 2007இல் இந்த ஏரிக் கூட்டம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால விஷத்தைச் சிவன் விழுங்கியதும், அம்பாள் கழுத்தைப் பிடித்து நிறுத்தியதும், அவர் நீலகண்டர் ஆனதும் நமக்குத் தெரியும். எங்கள் பாட்டி அத்தோடு கதையை முடித்துவிடுவார். நேப்பாளத்தில் கதை இன்னும் நீள்கிறது. தொண்டை எரிச்சல் தாங்காமல் இமயத்துக்கு வந்த சிவன் திரிசூலத்தால் மலையைக் குத்தினாராம். பீறிட்ட ஊற்றில் சூடு தணிந்தாராம். அந்த ஊற்றுதான் கோசைகுண்டம். அங்கிருந்து வழியும் நீர் திரிசூலி ஆற்றில் சேர்கிறது. தொண்டையை வைத்துப் பிழைக்கும் எனக்குத் தொண்டை எரிந்த சாமிமீது தனிப் பாசம் வந்ததில் வியப்பில்லை.

காத்மாண்டிலிருந்து துன்சே என்ற ஊருக்கு ஜீப்பில் போக வேண்டும். தூரம் 120 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அன்றைய பகல் முழுவதையும் அந்தச் சாலை தின்றுவிட்டது. கேமரன் மலைப் பாதையின் பழைய வளைவுகளுக்கே வாந்தி எடுத்தவர்கள் மாத்திரையோடு போகவும்.

எங்கள் வழிகாட்டி தமாங் இனத்தவர், நாற்பதைத் தாண்டியவர். (தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டினர் வழிகாட்டி இல்லாமல் மலையேறக் கூடாது என்று நேப்பாள அரசு 2023இல் விதி கொண்டுவந்தது.) உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டேன். "தாய்" என்றார். நேப்பாளியில் அண்ணன். மீசை வைத்த தாயைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் முதல் ஏற்றத்தில் நான் விறுவிறுவென்று முன்னால் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "பெலான்-பெலான், அடேக்!"

இமயமலைச் சரிவில் மலாய்! நீலாயில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஆறு ஆண்டுகள் காவலாளியாக நின்றிருக்கிறார் மனிதர். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் வீடு இடிந்துபோக, ஊர் திரும்பியவர் திரும்பியவர்தான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் லாங்டாங் கிராமமே அன்று பனிச்சரிவில் புதைந்துபோனது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன்பின் மூவரும் மலாயிலேயே பேசிக்கொண்டோம். தமிழில் அவருக்கு ஒரே ஒரு சொல் தெரியும்: "சாப்டாச்சா?"

துன்சே ஏறக்குறைய 2,000 மீட்டர். அன்று மாலை நாங்கள் தங்கிய சந்தன்பாரி 3,330 மீட்டர். ஒரே நாளில் 1,300 மீட்டருக்கு மேல் ஏற்றம். வழியெல்லாம் தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களும், தாடிபோல் பாசி தொங்கும் ரோடோடென்ட்ரான் மரங்களுமாக இருந்ததால் களைப்பு தெரியவில்லை. சிவப்புப் பாண்டா வாழும் காடு அது. எங்கள் கண்ணில் படவில்லை. என் பேச்சுச் சத்தத்துக்கு ஓடியிருக்கும் என்றார் அக்கா.

மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு படுக்கும் இடத்தின் உயரம் முந்திய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். பயண நிறுவனம் எங்களுக்கு இரண்டு திட்டங்களை அனுப்பியிருந்தது. நீளமானதில் இந்த ஓய்வு நாள்கள் இருந்தன. நான் தேர்ந்தெடுத்தது குட்டையானது. விலை குறைவு, மேலும் மிச்சமாகும் நாள்களில் 4,610 மீட்டர் லௌரிபினா கணவாயைத் தாண்டி ஹெலம்பு பக்கம் இறங்கலாம் என்று கணக்குப் போட்டேன். அக்காவிடம் நீளமான திட்டத்தைக் காட்டவே இல்லை. இதை இப்போதுதான் முதல் முறையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை, 3,900 மீட்டருக்கு மேல் லௌரிபினாவில் தங்கல். கணேஷ் ஹிமால், மனாஸ்லு, லாங்டாங் லிருங் எல்லாம் வரிசையாக நிற்க, சூரியன் விழும்போது பனி ஆரஞ்சு நிறமாகிறது. எல்லாரும் கைத்தொலைபேசியோடு வெளியே நின்றார்கள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தலைக்குள் யாரோ உரல் இடிப்பதுபோல் வலி. நண்பகலிலேயே தொடங்கியது; யாருக்கும் தெரியாமல் இரண்டு பனடோல் விழுங்கியிருந்தேன். தாய் வந்து எதிரில் அமர்ந்தார்.

"சாப்டாச்சா?"

ஆச்சு என்று தலையாட்டினேன். பொய். பூண்டு சூப்பைத் தொட்டதோடு சரி. அவர் அக்காவைக் கூப்பிட்டு, "உங்கள் தம்பி இரண்டு மணி நேரமாகப் பேசவில்லை" என்றார். அவ்வளவுதான். அக்கா பையிலிருந்து விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியை எடுத்தார். அவருக்கு 87. எனக்கு 76. அந்த நேரம் பார்த்து எனக்குக் குமட்டிக்கொண்டு வர, வெளியே ஓடினேன்.

"எப்ப இருந்து தலவலி?" என்று அக்கா கேட்டார்.

"இப்பதான்."

"டேய், பொய் சொல்லாத. அம்மாகிட்ட உன்ன நான்தான் பொறுப்பா கூட்டிட்டு வந்திருக்கேன்."

தாய் குச்சியால் மண்ணில் கோடு கிழித்தார். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டவைத்து அந்தக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். தடுமாறினால் வீக்கம் மூளைக்குப் போய்விட்டது என்று பொருளாம். அப்படியானால் நேரே கீழே மருத்துவமனைக்குத்தான், ஏரியை மறந்துவிட வேண்டியதுதான். பத்து அடி. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நடந்ததில்லை. தடுமாறவில்லை. "நல்லது" என்றார் தாய். அதோடு விடவில்லை. "துருன்" என்றார்.

இறங்கு. இருட்டுகிறதே, காலையில் பார்க்கலாமே, இன்னும் 500 மீட்டர்தானே என்று வானொலிக் குரலில் எல்லா வாதங்களையும் எடுத்து வைத்தேன். மாத்திரை போட்டும் வலி கூடிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பதில். நீலாயில் எத்தனையோ பெரிய மனிதர்களை வாசலில் நிறுத்தியவர்; நான் எம்மாத்திரம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மூவரும் சந்தன்பாரிக்கே இறங்கினோம். என் பையும் அவர் தோளில் இருந்தது. முக்கால்வாசி வழியில் தலைக்குள் உரல் சத்தம் குறைய ஆரம்பித்தது. சந்தன்பாரி விடுதிக்குள் நுழைந்ததும் எனக்குப் பசித்தது. அக்கா என்னோடு பேசவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் முழுதும் சும்மா இருந்தோம். பசியாறிவிட்டுப் பழைய கொம்பாவுக்குப் போனோம். கொம்பா என்றால் பௌத்த ஆலயம். போகும் வழியில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீள் சுவர் வந்தால் அது நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். நாம் பிரகாரம் வலம் வருகிறோமே, அதே முறை. அங்கே ஒரு சீஸ் தொழிற்கூடமும் உண்டு. யாக் சீஸ் என்று பலகையில் எழுதினாலும் யாக் என்பது ஆண் விலங்கு, பால் தருவது சௌரி என்ற கலப்பினப் பசு என்று தாய் விளக்கினார். அன்று மாலைதான் அக்காவிடம் அந்த நீளமான திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "என் கால் என்ன, உன்னோட காலா? எவ்வளவு வேகமா நடக்கணும்னு நீ முடிவு பண்ண?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த நாள் மீண்டும் லௌரிபினா. தலைவலி இல்லை, அளவியில் 85. ஆறாம் நாள் விடியும் முன்பே கிளம்பினோம். ஒரு பக்கம் செங்குத்துச் சரிவுடைய குறுகிய பாதை. கீழே முதலில் சரஸ்வதிகுண்டம், பிறகு பைரவகுண்டம், ஒரு மேடு ஏறினால் கோசைகுண்டம். அந்த உயரத்தில் கடல் மட்டத்துக் காற்றில் ஏறக்குறைய 60 விழுக்காடு பிராணவாயுதான் கிடைக்கிறது. பத்து அடிக்கு ஒருமுறை நின்றேன். "பெலான்-பெலான்" என்று இந்த முறை நானே சொல்லிக்கொண்டேன்.

ஏரி கருநீலமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் கண்ணாடித் தாள்போல் பனிக்கட்டி. கரையில் சிறிய சிவன் கோயில், வரிசையாக மணிகள், திரிசூலங்கள். பக்கத்திலேயே பௌத்தர்களின் ஐவண்ணக் கொடிகள். ஆகஸ்டு வாக்கில் வரும் ஜனை பூர்ணிமாவில் ஆயிரக்கணக்கானோர் இங்கே வந்து முழுகுகிறார்கள். அன்று பூணூல் மாற்றுவார்கள்; நம்மூர் ஆவணி அவிட்டத்தையொட்டி வரும் பௌர்ணமி. தமாங் பூசாரிகள் மேளத்தோடு ஏறி வருவார்களாம். இரண்டே நாளில் அடித்துப்பிடித்து ஏறும் பக்தர்கள் பலர் என்னைப்போலவே மலைநோயில் விழுவதால், திருவிழா நாள்களில் ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேஷன் இங்கே மருத்துவ முகாம் போடுகிறது.

நாங்கள் போன காலையில் எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பேர்தான். வானொலியில் மூன்று விநாடி சத்தம் நின்றாலே கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அங்கே சத்தமே இல்லை. நிகழ்ச்சிக்காக ஒலிப்பதிவு செய்யக் கைத்தொலைபேசியை எடுத்தேன். பேச வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது. அக்கா காலணியைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் கணுக்கால்வரை இறங்கி, கத்திக்கொண்டே வெளியே ஓடிவந்தார். அந்தச் சத்தம்தான் பதிவாகியிருக்கிறது.

கணவாயும் ஹெலம்புவும் போச்சு. வந்த வழியே இறங்கினோம். ஆனால் அதனால் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் நிதானமாகச் சுற்ற நாள் கிடைத்தது. தென்னிந்தியப் பட்டர்கள் பூசை செய்யும் பசுபதிநாதர் கோயில், நிலநடுக்கத்தில் உச்சி சேதமடைந்து 2016இல் சீரமைத்து முடித்த பௌத்தநாத் தூபி. பிறகு புடாநீலகண்டா. நீலகண்டர் என்ற பெயரைக் கேட்டுச் சிவனைத் தேடிப் போனால், குளத்துக்குள் பாம்புப் படுக்கையில் பள்ளிகொண்டிருக்கிறார் பெருமாள், ஒரே கல்லில் ஏறக்குறைய 5 மீட்டர் நீளத்துக்கு. அந்தக் குளத்துக்குக் கோசைகுண்டத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்பது நம்பிக்கை.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவு, மார்ச் முதல் மே வரை போனால் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், ஆனால் ஏரி உறைந்திருக்கலாம். விசாவை விமான நிலையத்திலேயே எடுக்கலாம், 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர். டயமோக்ஸ் மாத்திரை பற்றி இங்கேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு திட்டம் வந்தால் நீளமானதை எடுங்கள். கூட வருபவரிடம் இரண்டையும் காட்டுங்கள்.

கடைசி நாள் பாட்டனில் கும்பேஸ்வர் கோயில். 1392இல் கட்டப்பட்ட ஐந்தடுக்குச் சிவன் கோயில் அது. அதன் குளத்துக்கும் கோசைகுண்டத்து நீர் நிலத்தடி வழியாக வருவதாகச் சொல்கிறார்கள். மலை ஏற முடியாதவர்கள் ஜனை பூர்ணிமா அன்று இங்கேயே முழுகிவிடலாம். குளத்து நடுவில் வெள்ளி லிங்கம் வைப்பார்கள். எங்களை வழியனுப்ப வந்த தாய் இதைச் சொல்லி முடித்ததும் அக்கா குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதே தண்ணியா?" என்றார். "நேரா இங்க வந்திருக்கலாம்ல?"