பத்தில் முடியும் தாளம்

ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோக் கலைஞர்களோடு கடம் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைகள், “அவங்களுக்கு என்ன கோர்வை வச்சா எடுபடும் சார்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோர்வை பிறகு. கடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கை தட்டப் பழகுங்கள்.

அந்தக் கைதட்டலைப் பால்மாஸ் என்பார்கள். தட்டுவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் மேடையில் இருப்பார்கள். சொலேயா, புலேரியாஸ் என்ற ஃபிளமெங்கோ வகைகள் இரண்டுக்கும் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் 12, 3, 6, 8, 10-இல் விழும். பன்னிரண்டிலிருந்து சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக தக தக. சொல்லெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் முத்தாய்ப்பு பத்தில். ஆடுகிறவர் பத்தில் காலை அறைந்து நிறுத்தினால் கிதாரும் கைகளும் அதோடு அடங்கிவிடும்.

என்னிடம் பயின்ற ஒரு பையன், கணக்கில் புலி, அருமையான கோர்வையைப் பன்னிரண்டில் கொண்டுவந்து இறக்கினான். நம் காதுக்கு அதுதான் சமம். அங்கே எல்லாரும் அடங்கி இரண்டு எண்ணிக்கை கழித்து அவனுடைய தொம் மட்டும் தனியாக விழுந்தது. மறுநாள் ஒத்திகையில் அவனைக் கடம் தொடவிடவில்லை. பால்மாஸ்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்த்தித் தட்டச் சொன்னேன். சாயங்காலத்துக்குள், பத்து வரும்போது அவன் தலை தானாக அசைந்தது.

மிரள வேண்டியதில்லை. சமம் தள்ளி எடுப்பு வைத்த கீர்த்தனைகளுக்கு வாசித்த கை நம்முடையது. எடுப்பில்தானே கோர்வையை முடிக்கிறோம்? பன்னிரண்டில் தொடங்கினால் பத்துக்குப் போய்ச்சேரப் பத்து எண்ணிக்கை, சதுச்ர நடையில் நாற்பது மாத்திரை. ததிங்கிணதொம்மை இடைவெளி விட்டுப் பத்தாக்கி மூன்று முறை, நடுவில் ஐந்தைந்து கார்வை. சொன்ன இடத்தில் இறங்கும்.

என் குருநாதர் ஃபிளமெங்கோ கேட்டவரில்லை. ஆனால் பாடகர் சங்கதி போடும்போது வலக்கையை மடியில் வைத்துக்கொள்வார். “அவர் மூச்சு விடுற இடத்துல உன் விரல் பேசட்டும்டா” என்பார். அந்த மடக்கின கைதான் அங்கே எனக்குச் சோறு போட்டது. மரத்தரையில் குதிங்கால் சத்தம் சுருக்கென்று எழும். அப்போது கடத்தின் கழுத்தில் விரலை ஓட்டினால் இரண்டும் மோதும். வயிற்றுப் பாகத்தில் உள்ளங்கையால் தொம் கொடுத்தால் போதும். வாயை நம் வயிற்றோடு அணைத்து விலக்க, அடிநாதம் காலுக்குக் கீழே பரவும்.

சுருதிதான் தொல்லை. பாடுகிறவர் குரலுக்குத் தக்கபடி கிதார்க்காரர் செஹியா என்ற கவ்வியை மாட்டிச் சட்டென்று ஏற்றிவிடுவார். சுட்ட மண் ஏறாது. உள்ளே களிமண் அப்பினால் சற்று இறங்கும், அவ்வளவே. ஆகவே எந்தக் கட்டையில் கவ்வி என்று முன்கூட்டிக் கேட்டு, அதற்கேற்ற கடங்களை எடுத்துப்போக வேண்டும். மானாமதுரைக் கடம் கனம், விரலை வாங்கும். ஆனாலும் நான் அதைத்தான் சுமக்கிறேன்.

வெளி வாத்தியத்துக்கு அங்கே இடமில்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இன்று ஃபிளமெங்கோவில் நீங்காத கஹோன் பெட்டி, 1970களில் பாகோ தெ லூசியா பெருவிலிருந்து கொண்டுவந்தது. அதே காலத்தில்தான் விக்கு விநாயக்ராம் சக்தி குழுவில் கடத்தோடு உலக மேடைகளில் உட்கார்ந்தார்.

இன்னொன்று. பகுதி மாறப்போகிறது என்பதை ஆடுகிறவர் காலால் சொல்வார். அதற்கு யமாதா என்று பெயர். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பிவிடும். அவர் முழங்காலும் பாதமும் தெரிகிற கோணத்தில் உங்கள் இடத்தைப் போடச் சொல்லுங்கள். மைக்காரர் வேறு மூலையைக் காட்டினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.